லாரி எங்கே நிற்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு இரண்டு மணிக்குத்தான் வேலை சூடுபிடித்து ஓடும். காரணம் மின் கட்டணம். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குக் காலையும் மாலையும் உச்ச நேரக் கட்டணம் கூடுதல். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் சலுகை. பழைய இரும்பை உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ் ஒரு டன்னுக்கு ஐந்நூறு, அறுநூறு யூனிட் மின்சாரம் கேட்கும். அந்தக் கணக்கில் 5 சதவீதம் சின்னத் தொகை இல்லை. ஆகவே ஃபர்னஸ் இரவில் முழு வேகத்தில் எரிகிறது. சென்னை நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் கம்பி ஏற்றிய லாரிகளும் இருட்டிய பிறகே கேட்டைத் தாண்டுகின்றன.

கணினிக்காரர்களின் பழக்கம் இதற்கு நேர் எதிர். பேக்கப் எடுப்பது, மாத அறிக்கை தயாரிப்பது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது எல்லாவற்றையும் இரவு இரண்டு மணிக்குப் போட்டுவிடுவார்கள். அலுவலகம் பூட்டிக்கிடக்கும் நேரம் என்று நினைப்பு. வங்கிக்கோ பள்ளிக்கோ அது சரியாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் அந்த நேரத்தில் பேக்கப் ஓடினால் எடைமேடையில் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் லாரி நகராது. தொலைவிலிருந்து ஜாவா சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். நான் ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு ஆலையிலும் முதல் வேலையாக அந்த இரண்டு மணிப் பட்டியலைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அதைக் காலை பதினொரு மணிக்கு மாற்றுவதிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இந்த ஆலைகளில் சர்வர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கிராப் ஏற்றிய லாரி கேட்டுக்கு வருகிறது. எடைமேடையில் ஏறுகிறது, மொத்த எடை பதிவாகிறது. உள்ளே போய் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப ஏறுகிறது. வித்தியாசம்தான் சரக்கின் எடை. வெளியே போகும் கம்பிக்கும் இதே கதை, வரிசை மட்டும் தலைகீழ். அதன்பிறகு இன்வாய்ஸ், கேட் பாஸ், இ-வே பில். இந்த எல்லாத் திரைகளுக்கும் பின்னால் ஒரே ஒரு ஜாவா நிரல் ஓடுகிறது. அதைத் தாங்கி நிற்கும் மென்பொருள்தான் அப்ளிகேஷன் சர்வர். பெரும்பாலான இடங்களில் டாம்கேட், சில இடங்களில் ஜேபாஸ். அக்கவுண்ட்ஸ் அறைக்குப் பக்கத்தில், பழைய ஃபைல் அடுக்கிய சின்ன அறையில், ஒரு ஏசியின் கீழே அந்தப் பெட்டி இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. பொன்னேரியில் உட்கார்ந்துகொண்டு கவரைப்பேட்டையிலும் சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் காக்களூரிலும் உள்ள பெட்டிகளின் நாடியைப் பார்க்கிறோம்.

ஜாவாவுக்குள்ளே இப்படி நாடி பார்க்கும் வசதி 2004-இல்தான் தானாகவே சேர்ந்து வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவா 5-இல் ஜேஎம்எக்ஸ் என்ற கண்காணிப்பு ஏற்பாடும், அதைத் திரையில் காட்டும் ஜேகன்சோல் என்ற கருவியும் உள்ளேயே இருந்தன. ஓடுகிற நிரலை நிறுத்தாமல் அதன் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை த்ரெட், அதாவது வேலை இழை, ஓடுகிறது என்று வெளியிலிருந்து கேட்கலாம். அதற்கு முன் இவற்றையெல்லாம் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். சின்ன ஆலைக்காரருக்கு அது கட்டாது. ஜாவா 5 வந்த பிறகுதான் மாதம் ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு ஒரு ரோலிங் மில்லின் சர்வரைத் தூரத்திலிருந்து கவனிக்க முடியும் என்ற நிலை வந்தது. இந்தக் கருவியை இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் அதை வெளியூரிலிருந்து தொடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சர்வரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்து, ஃபயர்வாலிலும் அதற்கு வழி விட்டிருப்போம். ஆனாலும் ஜேகன்சோல் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு இணைக்க முடியவில்லை என்று சொல்லும். காரணம், அந்த முதல் போர்ட் வெறும் விசாரணை இடம். அங்கே கேட்டால், இன்ன முகவரிக்கு, இன்ன போர்ட்டுக்குப் போ என்று பதில் வரும். அந்த இரண்டாவது போர்ட்டை ஜாவா ஒவ்வொரு முறையும் தன்னிஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். முகவரியோ ஆலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 வகை முகவரியாக இருக்கும். வெளியிலிருந்து ஃபோன் செய்தவரிடம் ரிசப்ஷனில், "எக்ஸ்டென்ஷன் பன்னிரண்டுக்குப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவது போல. எக்ஸ்டென்ஷன் எண்ணை வீட்டிலிருந்து அழுத்தி என்ன பயன்?

இதற்கு மருந்து இரண்டு. சர்வர் தன் முகவரியாக எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். பிற்கால ஜாவாக்களில் இரண்டாவது போர்ட்டையும் முதலாவது போர்ட்டாகவே நிர்ணயிக்க முடியும். அதற்குமேல், இவை எதையும் இணையத்துக்குத் திறக்காமல் எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கச் சுரங்கத்துக்குள்ளாகவே எடுத்துவருவதுதான் முறை. கடவுச்சொல் இல்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட் என்பது பார்ப்பதற்கு மட்டுமான ஜன்னல் இல்லை. அதன் வழியாக வெளியாள் ஒருவன் தன் நிரலையே உள்ளே ஏற்றி ஓட்டிவிடலாம். இணையத்தில் எடுத்துக்காட்டாகக் கிடைக்கும் வரிகளில் கடவுச்சொல் வேண்டாம், மறையாக்கம் வேண்டாம் என்று எழுதியிருப்பதை அப்படியே ஒட்டி வைத்த ஆலைகளை நான் இன்னும் பார்க்கிறேன். சோதனைக்காக எழுதியது என்பார்கள். சோதனைக்கு எழுதியதுதான் பத்து வருடம் ஓடுகிறது.

ஆரம்ப காலத்தில் இன்னொரு வேடிக்கையான சங்கடமும் இருந்தது. ஜாவா 5-இல் இப்படித் தொலை இணைப்பைத் திறந்துவிட்டால், அந்த இணைப்பு முறையின் உள் ஏற்பாடு காரணமாக நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகம் முழுவதையும் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலை கட்டாயமாக நடக்கும். அந்தச் சில நொடிகள் நிரல் அசையாமல் நிற்கும். அதாவது கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் சர்வர் மெதுவானது! ஜாவா 6-இல் அதை மணிக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். கவனிப்பவன் தன் கவனிப்பின் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அப்போது பிடிபட்டது. ஜேகன்சோல் தன் போக்கில் நான்கு நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கேட்கும். டேட்டா கார்டு வைத்து ஓட்டிய நாட்களில் அந்த நான்கை முப்பதாக்கிவிட்டுத்தான் உட்காருவோம்.

இனி, எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஹீப் என்னும் நினைவகப் படத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். கோடு ஏறும், ஏறும், தொண்ணூறு சதவீதத்தைத் தொடும், சட்டென்று விழும். மறுபடி ஏறும். ரம்பப் பல் என்போம். அது ஆரோக்கியமான படம்தான். குப்பை சேர்கிறது, கார்பேஜ் கலெக்ஷன், சுருக்கமாக ஜிசி, வந்து அள்ளுகிறது. கவனிக்க வேண்டியது பல்லின் உச்சியை அல்ல, விழுந்த பிறகு கோடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை. திங்கட்கிழமை 300 எம்பியில் விழுந்தது, புதன்கிழமை 420-இல் விழுகிறது, வெள்ளிக்கிழமை 550 என்றால் எங்கோ ஒரு இடத்தில் நிரல் எடுத்ததைத் திருப்பி வைக்காமல் இருக்கிறது. மாதக் கடைசி லோடு வரும்போது அது கட்டாயம் விழும். தரைமட்டம் உயர்கிற வேகத்தை வைத்து, எந்த நாளில் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆலைக்காரர்களிடம் மதிப்பு பெறுவது இங்கேதான். சாய்ந்த பிறகு தூக்கி நிறுத்துகிறவரை எல்லோரும் பாராட்டுவார்கள். சாயாமலே பார்த்துக்கொண்டவரின் பில்லைப் பார்த்து, இவர் என்ன செய்தார் என்று கேட்பார்கள். அதனால் தரைமட்டக் கோட்டை அச்செடுத்து மாதாமாதம் மேனேஜர் மேஜையில் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் தெரியாது. ஒரு ரோலிங் மில்லில் சில வாரங்களாகப் புகார்: மத்தியானத்துக்கு மேல் எல்லாம் மெதுவாகிறது. ஹீப்பின் தரைமட்டம் ஏறவில்லை. பயனாளர் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் ஜிசி லாகில் ஒன்று உறுத்தியது. சின்னச் சுத்தம் ஒவ்வொன்றும் முன்பு 40 மில்லிசெகண்டில் முடிந்தது, இப்போது 90 ஆகிறது. அள்ளும் குப்பையின் அளவு அதேதான். அதே வேலையை அதே நிரல் இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்துச் செய்கிறது என்றால் உழைக்கிற கைதான் தளர்ந்திருக்க வேண்டும். கைக்கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெட்டியைத் திறந்தால், பிராசசரின் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையே காற்றுப் போக இடமில்லை. கரிய தூள் அடைத்துக் கட்டியாக நின்றது. ஸ்குரூ டிரைவரின் காந்த முனையை நீட்டினேன். தூள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொண்டது. வெறும் தூசி இல்லை, இரும்பு. பழுக்கக் காய்ச்சிய பில்லட் உருளைகளுக்கிடையே ஓடும்போது மேற்பரப்பிலிருந்து உதிரும் ஸ்கேல்தான் அது. நடந்து வருகிறவர்களின் காலணியில் ஒட்டி, ஜன்னல் ஏசியின் வழியாக நுழைந்து, ஃபேன் இழுக்கிற இடத்துக்கெல்லாம் வந்துவிடும். சூடு ஏறியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வெயில் ஏறும் மத்தியானத்தில்தான் அது எல்லை தாண்டியது. சுத்தம் செய்துவிட்டு, பெட்டியை ஷெட்டிலிருந்து தள்ளி இருக்கும் அறைக்கு மாற்றச் சொன்னோம். சுத்தம் செய்த அன்றே 40-க்குத் திரும்பியது. அதன்பிறகு ஒரு எம்பி குப்பையை அள்ள எத்தனை மில்லிசெகண்ட் என்ற விகிதத்தை எல்லா ஆலைகளுக்கும் வரைகிறேன். இரும்புத் தூள் எங்கே சேர்கிறது என்பதை அந்தக் கோடு மழைக்காலம், வெயில்காலம் சேர்த்து எனக்குச் சொல்லிவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் இந்த விகிதத்தை நான் படித்ததில்லை. கும்மிடிப்பூண்டி சொல்லிக்கொடுத்தது.

மின்சாரம் இன்னொரு ஆசான். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் நடந்த மின்வெட்டு, 2012-இல் உச்சத்தில் இருந்தது. ஆலைகளுக்குக் கட்டுப்பாடு, வார விடுமுறை போல மின் விடுமுறை, ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளி எல்லாம் அன்றாடம். பெட்டி திடீரென்று அணைந்து எழும்போது பழைய மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது போடப்படும் இன்வாய்ஸில் தேதியே தப்பு. ஆகவே சர்வர் எழுந்ததும் நான் பார்க்கும் முதல் எண் ஹீப் இல்லை, கடிகாரம்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. மத்தியானத்துக்குள் என் திரையில் எல்லா ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்தால் சர்வர்கள் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. நடுவில் உள்ள பாதை போய்விட்டது. செல்ஃபோன் டவர்கள் செயலிழந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. பல நாட்களுக்கு வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல ஊர்களில் மின்சாரம் இல்லை. கடைசியில் இணைப்பு திரும்பியபோது எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: இணைப்பு அறுந்த பிறகும் ஜெனரேட்டரில் ஓடிய சர்வர்கள் அந்த மணிநேரங்களில் எப்படி இருந்தன என்ற பதிவு. தொலைவிலிருந்து கேட்டு எழுதும் முறையில் அது எப்படிக் கிடைக்கும்? எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் வழி அறுந்திருக்கிறது.

ஆகவே கேள்வி கேட்கும் வேலையை ஆலைக்குள்ளேயே வைத்துவிட்டோம். சர்வருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிரல், பத்து நொடிக்கு ஒருமுறை எண்களைக் கேட்டு அங்கேயே வட்டில் எழுதிக்கொள்ளும். ஜிசி லாகும் அங்கேயே. இணைப்பு இருக்கும்போது நான் அந்தக் குறிப்பேட்டை இழுத்துப் படிப்பேன். இல்லாவிட்டால் அது எழுதிக்கொண்டிருக்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அந்தக் குறிப்பேடுதான் கைகொடுத்தது.

இனி இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. இந்த வட்டாரத்துக்கு இதன் பாதிப்பு மற்ற ஊர்களைவிட முன்னதாக வந்தது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். தடா, ஸ்ரீசிட்டி எல்லாம் கூப்பிடு தூரம். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. அதற்குப் பதிலாக, 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடக்கும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதல், ஒரு லட்சத்துக்கு மேல் என்றால். ஒரு லோடு கம்பியின் விலை இந்த வரம்புகளையெல்லாம் எளிதாகத் தாண்டிவிடும். ஆக, அதுவரை சர்வர் படுத்தாலும் கையால் பில் எழுதி வண்டியை அனுப்பிய ஆலைகளுக்கு இனி அந்த வழி இல்லை. இ-வே பில் எண் வாங்காமல் வண்டி வெளியே போக முடியாது. சர்வர் நிற்பதும் ஆலையின் கேட் மூடுவதும் ஒன்றாகிப்போன நாள் அது.

அந்த ஆண்டின் ஒரு இரவு. எடைமேடைத் தம்பி ஃபோன் செய்தான்.

"அண்ணா, சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்குண்ணா. சீட்டு வரமாட்டேங்குது. வெளிய ரோடு வரைக்கும் வண்டி நிக்குது."

"நெட் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணா. இப்பதான் போயிட்டு வந்துச்சு. வாட்ஸ்அப்லாம் போவுது."

என் திரையில் அந்தச் சர்வர் பச்சையாக இருந்தது. பிராசசர் உழைப்பு இரண்டு சதவீதம். ஹீப் கோடு கிட்டத்தட்ட தட்டை. நினைவகம் நிறைந்து திணறுகிற சர்வர் இப்படி இருக்காது; இது சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரவு ஒரு மணிக்கு, வாசலில் லாரி வரிசை நிற்கும்போது, ஒரு சர்வர் இவ்வளவு அமைதியாக இருந்தால் அது எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள்.

மேனேஜர் அதற்குள் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். ரீஸ்டார்ட் செய்தால் வண்டி நகரும். ஆனால் காரணம் அழிந்துபோகும், அடுத்த வாரம் இதே நேரத்தில் மறுபடி ஃபோன் வரும். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து, கில் மைனஸ் 3 என்ற கட்டளையைப் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை கொடுத்தேன். பெயர் பயமுறுத்தும், நிரல் சாகாது. அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்பதைக் கொட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். இதைத்தான் த்ரெட் டம்ப் என்கிறோம். மூன்று முறை எடுப்பது ஏனென்றால், ஒரு படத்தில் நிற்பதுபோல் தெரிவது உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கலாம். மூன்றிலும் அதே த்ரெட் அதே வரியில் என்றால் சந்தேகமில்லை.

டாம்கேட்டில் வழக்கமான உச்சவரம்பு 200 த்ரெட். இருநூறும் நிரம்பியிருந்தன. அதில் 180 டேட்டாபேஸ் இணைப்புக்காக வரிசையில் நின்றன. இணைப்புகள் மொத்தம் 20. அந்த இருபதையும் பிடித்து வைத்திருந்த இருபது த்ரெட்டும் ஒரே வரியில்: வெளியே இ-வே பில் தளத்துக்குக் கேள்வி அனுப்பிவிட்டு, சாக்கெட்டில் பதிலைப் படிக்கக் காத்திருந்தன. மூன்று படத்திலும் அதேபடி.

தம்பி சொன்ன "இப்பதான் போயிட்டு வந்துச்சு" என்பதில்தான் விடை இருந்தது. ஆலைக்கு இரண்டு இணைய வழிகள். ரோட்டு வேலையில் ஜேசிபி பள்ளம் தோண்டும்போது முதல் வழியின் ஃபைபர் அறுந்தது. ரவுட்டர் நொடிகளில் இரண்டாவது வழிக்கு மாறியது. எல்லோருக்கும் நெட் வந்துவிட்டது. ஆனால் முதல் வழியில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்த இணைப்புகளுக்குப் பதில் வரும் பாதையே இல்லை. பாதை போய்விட்டது என்று சொல்வாரும் இல்லை. காலக்கெடு எதையும் எழுதாவிட்டால் ஜாவா அப்படியே காத்திருக்கும். எவ்வளவு நேரம்? எல்லையில்லாமல். காலக்கெடு வைக்கும் வசதி ஜாவா 5-லேயே உண்டு; ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட நிரல்கள் நாட்டில் எத்தனையோ ஆலைகளில் இன்று இரவும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடும்.

பில் போடுகிறவர் எண் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்த, ஒவ்வொரு அழுத்தலும் ஒரு டேட்டாபேஸ் இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போய்க் காத்திருந்தது. இருபது தீர்ந்தது. வெளியுலகத்தோடு சம்பந்தமே இல்லாத எடைமேடைத் திரை இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டுக் கேட்டு மிச்ச த்ரெட்டை நிரப்பியது. படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். வண்டிகள் நகர்ந்தன. நிரலை எழுதிக்கொடுத்தவர்களுக்கு மறுநாள் மூன்று டம்ப்பையும் அனுப்பி, மூன்று மாற்றம் கேட்டோம்: வெளியே கேட்கும் எதற்கும் பத்து நொடிக் கெடு, வெளியே போகும் முன் டேட்டாபேஸ் இணைப்பைத் திருப்பி வைத்துவிடுவது, வெளி வேலைகளுக்குத் தனி த்ரெட் கூட்டம், எடைமேடைக்குத் தனி.

நான்காவதாக நான் கேட்டதுதான் என் தொழிலையே மாற்றியது. ஜேஎம்எக்ஸில் ஹீப், த்ரெட் போன்ற ஜாவாவின் சொந்த எண்கள் மட்டுமல்ல, நிரல் தானே ஒரு எண்ணைச் செய்து வெளியே காட்டலாம். எம்பீன் என்று பெயர். கடைசி எடைச் சீட்டு அச்சாகி எத்தனை நிமிடம் ஆகிறது, கேட்டுக்குள் வந்து இன்னும் எடை போடாத வண்டி எத்தனை என்ற இரண்டு எண்களைக் காட்டும்படி எழுதச் சொன்னேன். இன்று என் திரையில் ஒவ்வொரு ஆலைக்கும் மேலே இருப்பது இந்த இரண்டுதான். ஹீப் எல்லாம் கீழே. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. லாரி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அந்த டிரைவர் ஒடிசாவிலிருந்து வந்திருக்கலாம், விடிவதற்குள் சென்னைக்குள் நுழைந்தாக வேண்டியவராக இருக்கலாம். பச்சை விளக்கைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

இந்த எண்ணுக்கு எச்சரிக்கை வைப்பதும் தனிக் கலை. இரவு இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் சீட்டு இல்லையென்றால் எனக்கு மணி அடிக்கும். காலை உச்ச நேரத்தில் ஒரு மணிநேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆயுத பூஜையன்று நாள் முழுக்க இல்லாவிட்டால்கூட சரி; அன்று சர்வர் பெட்டிக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி படைத்திருப்பார்கள். பொங்கல், மே தினம், வாக்குப்பதிவு நாள், ஃபர்னஸுக்கு உள்பூச்சு மாற்றும் நாள் எல்லாம் என் கண்காணிப்பு அட்டவணையில் இருக்கின்றன. ஆலையின் காலண்டர் தெரியாதவருக்கு அதன் சர்வரும் புரியாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2021 டிசம்பர் 10 வாக்கில் லாக்4ஜே ஓட்டை உலகத்தைக் கலக்கியது. லாக்4ஜே என்பது லாக் எழுத உதவும் சாதாரண நூலகம். அதற்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுத்துகளை அனுப்பினால் வெளியாள் தன் நிரலை ஓட்டிவிடலாம். எங்கள் ஆலைகளில் பல அந்த நூலகத்தின் பழைய முதல் பதிப்பிலேயே இருந்ததால் அந்த ஓட்டை அவர்களைத் தொடவில்லை. சிலர் அதில் நிம்மதியடைந்தார்கள். எனக்கு நிம்மதியில்லை, அந்த முதல் பதிப்புக்கு 2015-லேயே ஆதரவு நின்றுவிட்டது. எந்தப் பெட்டியில் எந்தப் பதிப்பு என்ற பட்டியலை இரவோடிரவாகத் தயாரிக்க முடிந்தது, நாங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு பெட்டியையும் அன்றாடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால்தான்.

இப்போது வேலை சின்ன ஆலைகளுக்கும் இறங்கியிருக்கிறது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி என்று ஆனது. காக்களூர் எஸ்டேட்டில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளும் வெளியே கேள்வி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டன. அங்கே மேனேஜரும் கிடையாது, இரண்டாவது இணைய வழியும் கிடையாது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு கம்பெனியின், வேறு பாதையில் வரும் இன்னொரு இணைப்பை. ஒரே குழியில் போகும் இரண்டு ஃபைபர் ஒரே ஜேசிபிக்கு இரையாகும்.

சீட்டு வராமல் வண்டிகள் நின்ற அந்த இரவுக்குப் பிறகு எடைமேடை அறைகளில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். திரையின் மூலையில் 'படம் எடு' என்று எழுதியிருக்கும். அழுத்தினால் மூன்று த்ரெட் டம்ப், கடைசி அரைமணி நேர ஜிசி லாக், இரண்டு இணைய வழிகளின் நிலை எல்லாம் ஒரே ஃபைலாகச் சேர்ந்து வட்டில் விழும். அது முடிந்த பிறகுதான் ரீஸ்டார்ட் பொத்தான் உயிர்பெறும்; அதற்கு முப்பது நொடி ஆகும். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த தம்பிகளுக்கும் பீகாரிலிருந்து வந்த பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய நேரம் ஆகவில்லை. ஏன் முப்பது நொடி காக்க வேண்டும் என்பதை லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்போதெல்லாம் படத்தை எடுத்துவிட்டு, ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டு, வண்டிகளை அனுப்பிய பிறகுதான் எனக்கு ஃபோன் வருகிறது. நேற்று ஒரு தம்பி, "இருபதும் சாக்கெட்ல நிக்குதுண்ணா, டேட்டாபேஸ் பக்கம் இல்ல" என்று தானே படித்துச் சொன்னான். அவனுக்கு ஹீப் படத்தின் தரைமட்டத்தையும் காட்டிக்கொடுக்க இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.